வளையங்களின் சொந்தக்காரர்

டாக்டரின் பூட்ஸ் சத்தம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கேட்டதும் நாகூர் கனி பனியனைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைப்பார். கட்டிலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தாடையை மார்பில் புதைத்துக்கொள்வார். அப்படிக் குனிந்தால்தான் முதுகுத் தோல் காற்றுப் பிடித்த பாய் மாதிரி விறைத்து நிற்கும். சாய்வாக விழும் காலை வெளிச்சத்தில் வளையங்கள் ஒன்றுவிடாமல் தெரியும். படம் பிடிக்க வந்த சீனர் ஒருவர் இப்படி உட்காரச் சொல்லிக் கொடுத்தார். அன்று பிடித்த பழக்கம். டாக்டர் வழியில் வேறு யாரிடமாவது நின்றுவிட்டாலும் அந்த முதுகு அசையாது.

பார்க்க வேண்டிய முதுகுதான். மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியுமே, அந்த மாதிரி வளையத்துக்குள் வளையமாகச் செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒரு விளிம்பை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். பெரிய வளையங்களுக்குக் கனி பேர் வைத்திருந்தார். தோள்பட்டையில் இருப்பது பினாங்கு, நடுமுதுகில் மலாக்கா, இடுப்புக்கு மேலே கிள்ளான். "பினாங்குல இன்னிக்கு அரிப்பு ஜாஸ்தி" என்பார், அங்கே போய் வந்தவர் மாதிரி.

சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் படகு ஓட்டும் தண்டல் அவர். கப்பல்களிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக் கரை சேர்ப்பது தொழில். பிரம்பு ஏற்றத் தெற்கே தீவுகளுக்குப் போய்ச் சில மாதம் தங்கிய இடத்தில் இந்தப் படை ஒட்டிக்கொண்டது. தீவுக்காரர்களிடம் சாதாரணமாகக் காணும் நோய், ஒரு தமிழர் முதுகில் இவ்வளவு ஒழுங்காகப் படர்ந்து டாக்டர் பார்த்ததில்லை. கை கால்களுக்கு மஞ்சள் களிம்பு தடவச் சொன்னவர், முதுகை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மழை மாதம் கழிந்ததும் ஊரிலுள்ள டாக்டர்கள் எல்லாம் கூடும் கூட்டம் ஒன்று உண்டு. அங்கே காட்டிவிட்டு அப்புறம் மருந்து.

துறைமுகத்தில் எந்தத் துரையும் கனியை ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. 'ஏய்' என்பதுதான் கூப்பிடுகிற பேர். இங்கே ஒரு துரை பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முதுகில் படும் அளவுக்குக் குனிந்து பார்க்கிறார். கனி அதிலே சொக்கிப்போனார். வார்டில் யார் புதிதாக வந்தாலும் முதல் பரிசோதனை அவருடையதுதான்.

"என்னா, சொறியா?"

"ஆமாங்க."

"சொறி, சிரங்கெல்லாம் டெக் பாசஞ்சர். போய் அந்த ஓரமாப் படு. நம்மளது கேபின்."

அவர் மனைவி ரஷீதா பார்க்க வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள். "ஒடம்புல படை வந்ததுக்கு மாப்பிள்ளை கணக்கா மினுக்குறது ஒலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான் மச்சான்."

இந்தக் கேபினுக்குத்தான் அப்துல் அலீம் வந்து சேர்ந்தான். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன். அரிப்பு என்று வந்தவனுக்கு உடம்பில் ஒரு தடம்கூடக் கிடையாது. கனி ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். ஆனால் மறுநாள் டாக்டர் அவன் கையில் ஒரு மரக்குச்சியின் முனையால் கோடு இழுத்தார். கோடு சிவந்தது, பிறகு கயிறு மாதிரி வெளுத்துத் தடித்து எழும்பி நின்றது. டாக்டர் 'ஆ' என்றார். கனியின் முதுகைப் பார்த்து அவர் இத்தனை நாளில் 'ம்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு டாக்டரின் பூட்ஸ் நேரே அலீமின் கட்டிலுக்குப் போனது. விருந்தாளி டாக்டர்கள் வந்தாலும் அங்கேதான். ஒருவர் மீன் வரைவார், ஒருவர் நட்சத்திரம். எல்லாம் முதுகில் புடைத்து எழும்பும், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். கனிக்கு முழங்காலைக் கட்டியபடி காத்திருந்து காத்திருந்து கழுத்து பிடித்துக்கொண்டது.

"எறும்பு கடிச்சா எவனுக்கும்தான் தடிக்கும். இது ஒரு சீக்கா?" என்று புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஆம்ப்ரோஸிடம் பொருமினார்.

"உமக்கு என்ன வயித்தெரிச்சல், தண்டல்? கூட்டத்துக்கு ஒருத்தரைத்தான் கூட்டிட்டுப் போறாரு துரை. யாருன்னு இன்னும் சொல்லல லா" என்று கட்டுத் துணியை உருட்டிக்கொண்டே சொன்னார் ஆம்ப்ரோஸ்.

அது போதும். கனி யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அலீமுக்குக் குணமாகிவிட்டால்? சீக்கு போய்விட்டால் அவனை யார் கூட்டத்துக்குக் கூப்பிடப் போகிறார்கள்? ரஷீதாவிடம் சொல்லி வேப்பிலை வரவழைத்தார், கருஞ்சீரகம் வரவழைத்தார், தேனில் குழைத்து அவரே ஊட்டினார். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது என்று அவன் தட்டிலிருந்து எடுத்துப்போட்டார். மத்தியான வெக்கையில் அவன் தூங்கும்போது விசிறினார்; வியர்த்தால் தடிப்பு கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பலனும் இல்லை. வேப்பிலைக் காம்பால் கீறிப் பார்த்தால் அந்தக் கோடும் அழகாக எழும்பி நின்றது.

அலீம் மட்டும் நெகிழ்ந்துபோய், அவரை அண்ணனாக்கி 'நானா' என்று கூப்பிட ஆரம்பித்தான். "கூடப் பொறந்தவன்கூட என்னை இப்படிப் பார்த்ததில்ல நானா" என்றான். கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி சரி, முழுங்கு" என்றார்.

கூட்டத்துக்கு முதல் நாள் டாக்டர் சொல்லிவிட்டார்: கனிதான். வெகு நாளாக அவர் செதில்களைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாராம். அதை விட மனமில்லை. கனி வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அலீமின் கட்டிலைக் கடக்கும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவானது.

மறுநாள் காலையில் ரஷீதா துவைத்த கைலியும் புதுத் தொப்பியும் கொண்டுவந்தாள். கூடவே பயற்றமாவு, பீர்க்கங்கூடு, நல்லெண்ணெய். கனிதான் கேட்டிருந்தார். பெரிய மனிதர்கள் பார்க்கப் போகிற உடம்பு. அலீமைப் பார்த்த கண்களெல்லாம் இதைப் பார்த்து மலைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் முத்துசாமியைக் கூப்பிட்டு, "நல்லா அழுத்தித் தேய்ப்பா, தோலு பளபளன்னு ஆவணும்" என்றார். முத்துசாமி குறை வைக்கவில்லை. தேய்த்து முடித்து எண்ணெயையும் தாராளமாக வழித்துவிட்டான்.

பிற்பகல் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. டாக்டர் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார். கனி முழங்காலைக் கட்டிக் குனிந்தார். டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்தார், திரும்பப் பையில் போட்டார். செதில் எல்லாம் உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருந்ததை எண்ணெய் படிய வைத்துவிட்டது. பினாங்கும் இல்லை, மலாக்காவும் இல்லை. கறுத்த, வழவழப்பான, எந்தத் தண்டலுக்கும் இருக்கிற முதுகு.

"என்னய்யா செஞ்சீர்?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"குளிச்சேன். அழுக்கு ஒடம்போடவா போவாங்க, நாலு பெரிய மனுசர் முன்னால?"

வளையங்கள் திரும்பி வர இன்னும் சில வாரம் ஆகும் என்று டாக்டர் ஆம்ப்ரோஸிடம் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அலீமின் பக்கம் விரலை நீட்டினார். சட்டையைத் தேடிக்கொண்டே எழுந்த அலீம், கனியின் அருகில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போ போ, வண்டி நிக்குதுல்ல" என்றார் கனி. புதுத் தொப்பியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

வெயில் தாழும் நேரத்துக்கு அலீம் திரும்பி வந்தான். வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும்; மூச்சு வாங்கியது. வந்ததும் வராததுமாகச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கனியின் கட்டிலருகே முதுகு காட்டி நின்றான்.

"நானா, கொஞ்சம் பாருங்க. அடங்குறதுக்குள்ள பாருங்க."

கனி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒன் சீக்கை நான் ஏன் பாக்கணும்?" என்றது போர்வை. அலீம் சட்டையைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கீழே விட்டான்.

அந்த முதுகில் என்ன இருந்தது என்பது இதை எழுதுகிறவனுக்குத் தெரிய வந்தது வெகு நாள் கழித்து, ஆம்ப்ரோஸ் சொல்லித்தான். கூட்டம் நடந்த மண்டபத்தில் டாக்டர் மரக்குச்சியை ஆம்ப்ரோஸிடம் கொடுத்து, நோயாளியின் பேரை அவன் பாஷையிலேயே முதுகில் எழுதச் சொல்லியிருக்கிறார். அலீம் தலையைத் திருப்பி, "நாகூர் கனின்னு எழுதுங்க சார், அவருதானே வந்திருக்கணும்" என்றானாம்.