வட்டத்தில் பக்கத்து இடம்

அந்தப் பழைய டிபன் டப்பாவைத் திறந்தால் இன்னும் கடல் வாசம் அடிக்கிறது. உள்ளே எட்டுக் கிளிஞ்சல்கள். மாமல்லபுரம் கடற்கரையில் நானும் கூட்டாளியும் பொறுக்கியவை. மறைமலைநகரில் எங்களுக்கு ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு, ஒரே பஸ். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் ஒன்றாகத்தான் படித்தோம். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க அவனை விட்டால் யாருமில்லை.

ஞாயிறானால் மணலில் வட்டம் கீறுவோம். 'எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வக்கீலுக்கு எதிரே டாக்டர், டாக்டருக்குப் பக்கத்தில் ஆசிரியர் இல்லை' என்று கேள்வி போகும். ஆளுக்கொரு கிளிஞ்சல் வைத்து, நிபந்தனைப்படி நகர்த்தி விடை பிடிக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் முந்துவேன். ஆனால் எனக்கொரு கெட்ட பழக்கம். கேள்வியை முழுக்கப் படிக்கும் முன்பே இரண்டு கிளிஞ்சல்களை அருகருகே வைத்துவிடுவேன். வரி ஓடிய கிளிஞ்சல் நான், ஓரம் உடைந்தது அவன். தலையில் தட்டுவான். "கேள்வில அப்டியா கீது? குடுக்காத கண்டிஷன நீயா ஏன்டா சேக்கற?"

விண்ணப்பிக்கும் நேரத்தில், மதுராந்தகம் நெல் மண்டியில் மூட்டை தூக்கும்போது அப்பா விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். "நான் பாத்துக்கறேன், நீ போய் எழுதுடா" என்றாள் அம்மா. கூட்டாளியோ பஸ்ஸில் தோளில் கைபோட்டு, "இந்த வருஷம் உடு மச்சான். நைனாவப் பாரு. அட்த்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அவனும் எழுதமாட்டான் என்றே எடுத்துக்கொண்டேன். விண்ணப்பிக்கவில்லை.

சில மாதம் கழித்து அவன் அம்மா மைசூர்பாகு கொண்டுவந்தார். "ஒங்கூட்டாளிக்கு லா காலேஜ்ல சீட் கெட்ச்சிடுச்சிபா. நீ ஏன் எழுதாம உட்ட?"

கையில் எடுத்ததை அப்படியே வைத்தேன். நேரே அவனிடம் போனேன். "எழுதப்போறேன்னு ஒரு வார்த்த சொல்லலியேடா?"

"எழுதமாட்டேன்னு எப்ப மச்சான் சொன்னேன்?" சிரித்தான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் இன்றும் ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். என் பழக்கத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன், மீதியை நானே சேர்த்துக்கொள்வேன் என்று விட்டுவிட்டான்.

அப்பா இப்போது கோலூன்றி நடக்கிறார். இந்த வருடம் விண்ணப்பித்துவிட்டேன். போன ஞாயிறு தனியாகக் கடற்கரையில் வட்டம் கீறினேன். உடைந்த கிளிஞ்சலைத் தூக்கி எறியத்தான் கை போனது. எட்டுப் பேர் வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன். கடைசி நிபந்தனைவரை படித்த பிறகே ஒவ்வொன்றாக வைத்தேன். முடித்துப் பார்க்கையில், ஓரம் உடைந்த அவன், வரி ஓடிய எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான்.