மாமாவும் ஒன்றரை வோல்ட்டும்

அந்தக் கோடை முழுவதும் நான் நீச்சல்குளங்களாகச் செய்துகொண்டிருந்தேன். மேடவாக்கத்தில் ஒன்று, பெருங்களத்தூரில் ஒன்று, காட்டாங்குளத்தூர் போகும் வழியில் ஒன்று. எதுவும் இன்னும் கட்டப்படவில்லை. கட்டடக்காரர்கள் வரைபடத்தைக் கொடுப்பார்கள். நான் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, கண்ணாடி மாட்டி, பால்கனியில் தொட்டிச்செடி வைத்து, கீழே நீல நிறத்தில் தண்ணீர் விட்டுப் படமாக்கிக் கொடுப்பேன். அதைப் பெரிதாக அச்சடித்துச் சாலையோரம் நிறுத்துவார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே வெறும் மனையாக இருந்த இடமெல்லாம் அந்த வருடங்களில் இப்படி ஒரு படம் நின்றது. எங்கள் தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வந்தது.

மேற்குத் தாம்பரத்தில் மாமனார், மாமியார், நான் என்று மூன்று பேர் இருந்த வீடு. என் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். முன்னறையில் ஒரு மேசை போட்டு அதையே என் அலுவலகமாக வைத்திருந்தேன். படத்தில் தண்ணீர் தண்ணீராகத் தெரிய வேண்டுமென்றால், வெளிச்சம் அதில் எங்கே விழுந்து எங்கே திரும்புகிறது என்று கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் கணக்குப் போட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஒரு குளத்துக்கு ஒரு பகலையே எடுத்துக்கொண்டது. அதனால் புதிதாக வந்திருந்த டூயல் கோர் பிராசசரை வாங்கினேன். மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் கடை வைத்திருந்தவர் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தார்.

முதல் குளம் பாதி நிரம்பியபோது கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் அணைந்தது. மதர்போர்டுடன் வந்த சிடியில் உள்சூட்டையும் வோல்டேஜையும் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்று இருந்தது. அதை நிறுவிப் பார்த்தபோது இரண்டு எண்களும் சிவப்பில் இருந்தன. சூடு தொண்ணூறு டிகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிராசசருக்குப் போகும் வோல்டேஜ் ஒன்றரையை ஒட்டி நின்றது. அதற்கு ஒன்றேகாலும் கொஞ்சமும் போதும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தார்கள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பதற்றமே இல்லாமல் கேட்டுக்கொண்டார். வெளியே எவ்வளவு வெயில் என்று என்னையே கேட்டார். எல்லாருக்கும் சூடாகத்தானே இருக்கிறது, ஐப்பசி வந்தால் சரியாகிவிடும் என்றார். பொருளுக்கு வாரண்டி உண்டு, வெயிலுக்குக் கிடையாது என்பதையும் மரியாதையாகச் சொன்னார்.

நானே திறந்து பார்த்தேன். பிராசசரின் மேல் உட்காரும் விசிறி நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் போர்டில் மாட்டப்பட்டிருந்தது. அதில் ஒன்று ஓட்டைக்குள் இறங்காமல் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விசிறியைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, புதுப்பசை தடவி, நான்கையும் ‘டக்’கென்று கேட்கும்வரை அழுத்தினேன். சூடு கொஞ்சம் இறங்கியது. இப்போது குளம் முக்கால் நிரம்பியபிறகு அணைந்தது. வோல்டேஜ் மட்டும் ஓர் இம்மிகூட அசையவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது, வோல்டேஜ் அதிகமாக இருக்கிறது, அதுதான் தொல்லை என்று மாமியிடம் சொன்னேன். அந்த வார்த்தையை அந்த வீட்டில் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கக் கூடாது. மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடைதோறும் லோ வோல்டேஜுக்காகத் திட்டு வாங்கியே தலை நரைத்தவர். வோல்டேஜ் அதிகம் என்று ஒருவர் புகார் சொல்வதை அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“நம்ம ஏரியாவுலயா? ஹை வோல்டேஜா?” என்றார். முகத்தில் கவலையோடு ஒரு பெருமையும் தெரிந்தது.

“வீட்டு லைன்ல இல்ல மாமா. கம்ப்யூட்டருக்கு உள்ள.”

“எவ்வளவு காட்டுது?”

“ஒன்றரை.”

“ஒன்றரை கேவியா?” ஆயிரக்கணக்கான வோல்ட்டில் பேசிப் பழகியவர் அவர்.

“வெறும் ஒன்றரை வோல்ட் மாமா.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டார்ச் லைட்டில் போடும் பேட்டரியே ஒன்றரை வோல்ட்தான், அதைக் கடித்தால் எறும்புகூடச் சாகாது என்று பொறுமையாக விளக்கினார். கால் வோல்ட் கூடினாலே இந்தப் பொருள் வெந்துவிடும் என்று நானும் பொறுமையாக விளக்கினேன். அவ்வளவு நோஞ்சானை எதற்காகக் காசு கொடுத்து வாங்கினாய் என்ற கேள்வி அவர் கண்ணில் இருந்தது. வாயால் கேட்கவில்லை.

ஆனாலும் புகார் என்று வந்தபின் சும்மா இருப்பது அவர் சுபாவமில்லை. மதியத் தொழுகையான ளுஹரை முடித்துவிட்டு வந்ததும் பீரோவிலிருந்து தன் டெஸ்டரை எடுத்தார். மேசைக்கு வந்து கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தில் அதன் முனையை வைத்தார். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு எரிந்தது. நகர்த்தி வேறிடத்தில் வைத்தார். அங்கும் எரிந்தது. பிறகு ஃபிரிட்ஜில் வைத்தார், மங்கலாக எரிந்தது. சமையலறைக்குப் போய் கிரைண்டரில் வைத்தபோது நன்றாகவே எரிந்தது.

“இந்த வீட்ல எர்த்தே இல்லையா?” என்றார். அவர் நின்று பார்த்துக் கட்டிய வீடு அது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாமி தலையைத் தூக்காமல் சொன்னார்: “கிரைண்டர் ரொம்ப நாளா சுர்ருனு இழுக்குதே. அதனாலதான் பலகை மேல நின்னு அரைக்கிறேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னேன். செருப்பு போட்டுக்கோன்னு சொன்னீங்க.”

எத்தனையோ தெருக்களுக்கு மின்சாரம் கொடுத்தவரின் வீட்டில், இட்லி மாவு அரைக்கப் பலகை தேவைப்பட்டிருக்கிறது. மாமியின் கை இத்தனை காலம் சொல்லியும் நடக்காத ஆய்வு, என் பிராசசருக்கு ஒரு பகலில் நடந்துவிட்டது. மாமி அதைக் குத்திக்காட்டவில்லை. வெங்காயத்தை வாணலியில் போட்டுவிட்டு, தேங்காய் உடைத்துக் கொடுக்க முடியுமா என்று மாமாவைக் கேட்டார். அவர் உடனே உடைத்துக் கொடுத்தார்.

மறுநாளே இரண்டு ஆட்கள் வந்து வீட்டின் பக்கவாட்டில் தோண்டினார்கள். வாசலில் போர்டிகோ கட்டியபோது யாரோ எர்த் ஒயரை வெட்டி, வெட்டிய முனையை மண்ணுக்குள்ளேயே விட்டுப் பூசியிருந்தது தெரிந்தது. மாமா புதுக்குழி எடுக்கச் சொன்னார். உப்பும் கரியும் அடுக்கடுக்காகக் கொட்டி, குழாய் இறக்கி, தடித்த கம்பி இழுத்து, மூன்று நாளைக்கு அதில் தண்ணீர் ஊற்றினார். எங்கள் பங்குக் குழாய்த் தண்ணீரில் பாதி அந்தக் குழிக்குப் போனது. துணி துவைக்க மாமி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போனார்.

வேலை முடிந்ததும் டெஸ்டர் எங்கேயும் எரியவில்லை. கிரைண்டரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார் மாமி. மாமா நேரே என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்ப ஓட்டும்மா.”

ஓட்டினேன். ஒன்றரை வோல்ட் ஒன்றரையாகவே நின்றது. சூடு பழைய இடத்துக்கே ஏறியது. மாமா அந்தச் சிவப்பு எண்ணை, தன் பேச்சைக் கேட்காத லைன்மேனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எர்த் மண்ணில் பிடிக்க இன்னும் இரண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இதற்குள் நான் இணையத்தில் தேடியிருந்தேன். எங்கெங்கோ இருந்தவர்கள் இதே போர்டை வாங்கி இதே எண்ணைப் பார்த்து அழுதிருந்தார்கள். பிராசசருக்கு எவ்வளவு வோல்டேஜ் தருவது என்பதை இந்தப் போர்டு தானாகவே முடிவு செய்கிறது, புதுப் பிராசசரை அதற்கு அடையாளம் தெரியவில்லை, தெரியாத விருந்தாளிக்குக் கூடுதலாகச் சோறு போடுவதுபோலப் போட்டுவிடுகிறது என்பது விஷயம். இதற்கு ஒரே வழி, போர்டின் பயாஸை, அதாவது அது கண்விழிக்கும்போது முதலில் படிக்கும் அடிப்படை நிரலை, புதியதாக மாற்றி எழுதுவது. ஒரு ஃப்ளாப்பியில் போட்டுச் சில நிமிடங்களில் எழுதிவிடலாம். ஆனால் எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் போர்டு திரும்ப எழுந்திருக்காது.

மே மாதம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் இருந்த யுபிஎஸ், கரண்ட் போனால் ஒருமுறை கத்திவிட்டுத் தானும் அணைந்துவிடும். அந்த வார இறுதியில் பெருங்களத்தூர்க் கட்டடக்காரர் முன்பதிவு தொடங்கவிருந்தார். குளம் வேண்டும் என்று தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.

மாமாவிடம் போய் நிலைமையைச் சொன்னேன். கரண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எவ்வளவு நேரம் வேணும்?”

“கால் மணி நேரம் போகாம இருந்தா போதும் மாமா.”

“அது நம்ம கையில இருக்கு” என்று சொல்லிப் போனை எடுத்தார். சப்ஸ்டேஷனில் இப்போது பொறியாளராக இருந்தவர் ஒரு காலத்தில் மாமாவுக்குக் கீழே வேலை கற்றவர். நலம் விசாரித்தபின் மாமா குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

“தம்பி, வீட்ல மருமகளுக்கு இன்னிக்கு ஒரு ஆபரேஷன். கொஞ்ச நேரந்தான். நடுவுல கரண்ட் போச்சுன்னா உயிரே போயிடும்.”

அவர் பொய் சொல்லவில்லை. மின்வாரியத்தில் ஒரு சுவிட்சைத் தூக்குவதும் ஆபரேஷன்தான், இறக்குவதும் ஆபரேஷன்தான். அன்று காலை எங்கள் லைனில் ஒரு பராமரிப்பு வேலை வைத்திருந்தார்களாம். அதை நாளைக்குத் தள்ளிவிடுகிறேன், சார் கவலைப்பட வேண்டாம், மேடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். என்ன ஒரு அக்கறை என்று மாமா நெகிழ்ந்துபோனார்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃப்ளாப்பி டிரைவை இதில் மாட்டினேன். அது கரகரவென்று பல் கடிக்கும் சத்தத்துடன் ஓடத் தொடங்கியது. திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. மாமா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, திரையைப் பார்க்காமல், மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றால் எல்லாம் நின்றது என்று அர்த்தம். கோடு முக்கால் தூரம் போனபோது விசிறி ஒருமுறை தயங்கியதுபோல இருந்தது. மாமா சத்தமில்லாமல் ஏதோ ஓதினார். மாமிகூட அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கதவருகே நின்றார்.

கோடு மறுமுனையைத் தொட்டது. அணைத்துப் போட்டேன். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்து என்னைக் கலங்கடித்துவிட்டு, பிறகு விழித்துக்கொண்டது. வோல்டேஜ் ஒன்று புள்ளி மூன்றுக்குக் கீழே, பச்சை நிறத்தில். குளத்தை முழு நீளத்துக்கு ஓட்டினேன். சூடு அறுபதைக் கொஞ்சம் தாண்டி அங்கேயே நின்றது. தண்ணீர் கரைவரை நிரம்பியது.

“எர்த் பிடிச்சுருச்சு” என்றார் மாமா.

நான் மறுக்கவில்லை. குழிக்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கு விளக்குவதற்கு இன்னொரு கோடை வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. சப்ஸ்டேஷன் லைன்மேன். கையில் ஒரு பாக்கெட் பிரெட்டும் சாத்துக்குடிப் பையும் இருந்தன. பொறியாளர் சார் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி மாமாவிடம் நீட்டினார். நான் முன்னறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து குளத்தோரத்தில் ஒரு குடை நட்டுக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிச்சா?”

“நல்லா முடிஞ்சுது.”

“சூடு எதுனா கீதா?”

“காலையில எக்கச்சக்கமா இருந்துச்சு. இப்ப எறங்கிடுச்சு.”

“அதுக்குள்ள ஒக்காந்து வேலை பார்த்துகினு கீறாங்க” என்று லைன்மேன் என்னைப் பார்த்து வியந்தார். அப்போதுதான் மாமாவுக்குப் புரிந்தது. பிரெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தால் என்னவென்று சொல்லிக் கொடுப்பது? மாமி முன்னால் வந்து பையை வாங்கிக்கொண்டு, ரொம்ப சந்தோஷம், டாக்டர் சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கச் சொல்லியிருக்கார் என்றார். லைன்மேன் எனக்காக ஒரு நிமிடம் குரலைத் தணித்துப் பேசிவிட்டுப் போனார். நான் முடிந்த அளவு சோர்வாக உட்கார்ந்திருந்தேன்.

தள்ளிவைத்த பராமரிப்பு வேலை மறுநாள் வெள்ளிக்கிழமை நடந்தது. சரியாக ஜும்மா நேரத்துக்குக் கரண்ட் போனது. தெருமுனைப் பள்ளிவாசலில் அன்று நல்ல கூட்டம். மாமா திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் மின்வாரியத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள் என்றும், அவரைச் சுற்றி நின்று காரணம் கேட்டார்கள் என்றும் சொன்னார்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று மாமி கேட்டார்.

மாமா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

“மெயின்டனன்ஸ் முக்கியம்னு சொன்னேன்” என்றார்.