மதியம் 2.17க்கு எடுத்த எக்கோ

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்கும் ரெனிஷாவுக்குப் போன செப்டம்பரில், பட்டப்பகலில் நடந்தது இது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

திருவட்டாறு யேசுரத்தினத்துக்கு நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கும். தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்துக்குள் சூடு வைத்துச் சரிசெய்திருந்தார்கள். மூன்றாம் மாதச் சோதனையில் ஈசிஜி சீராகத்தான் இருந்தது. ஆனால் ரெனிஷா எடுத்த எக்கோவில் இதயத்தின் இடது மேலறை வீங்கி, விரியத் தெம்பில்லாமல் கிடந்தது. இப்படியிருந்தால் கோளாறு திரும்பி வர வாய்ப்பு அதிகம். அதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதினாள். இதய டாக்டர் ஸ்மைலின் என்பவர் அந்த வரியை வெட்டினார். படத்தைப் பார்த்து ஜோசியம் சொல்ல வேண்டாம் என்றார். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தினார். ரெனிஷாவுக்கு உள்ளே கொதித்தது. வாயைத் திறக்கவில்லை. ஐந்து வாரமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. பாதி அவர்மேல், பாதி தன்மேல்.

வியாழக்கிழமை. மதியம் 2.17. டோக்கன் எல்லாம் முடிந்திருந்தது. கதவு திறந்த சத்தமே இல்லை. அவள் திரும்பினால், படுக்கையில் யேசுரத்தினம். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார்.

கையில் ஃபைல் இல்லை. காலில் செருப்பில்லை. ஈசிஜி ஒயரை ஒட்டும்போது தொட்ட தோல் ஐஸ்கட்டி போலச் சில்லென்றிருந்தது...

கருவியை நெஞ்சில் வைத்தாள். திரையில் இடது மேலறை துடிக்கவில்லை. நடுங்கியது. கீழே ஈசிஜி நேர்கோடாக ஓடியது. ஒயரைக் கழற்றி மாட்டினாள். அப்போதும் நேர்கோடு.

ஒலியைக் கூட்டினாள்.

உஷ்ஷ்ஷ்ஷ்...

அது மட்டும்தான்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"அன்னைக்கு நீ எழுதின வரிய வெட்டினது யாரு?"

"டாக்டரு."

"நீ பாத்துக்கிட்டு நின்னியா?"

அவள் கருவியைக் கீழே வைத்தாள்.

"எழுது."

2.26. எழுதினாள். அதே வரி. தாளை உருவிக்கொண்டு ஓடி, டாக்டர் மேசையில் அடித்து வைத்தாள்.

"இதையும் வெட்டுவியளா?"

டாக்டர் எழுந்து அவளோடு வந்தார்.

படுக்கை காலி. விரிப்பில் ஒரு மடிப்புகூட இல்லை...

மறுநாள் யேசுரத்தினத்தின் மனைவி விக்டோரியா வந்தாள். பழைய அறிக்கையை டாக்டர் முகத்துக்கு நேரே வீசினாள். வியாழன் காலை 9.40க்கு, மூளையில் ரத்தக்கட்டி அடைத்து அவர் போய்விட்டாராம். மதியம் முழுக்க வீட்டு முற்றத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தாராம். டாக்டர் குனிந்து அதைப் பொறுக்கினார்.

வெளியே வந்தபின் அவள் ரெனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டாள். அடக்கத்துக்கு முன்னால் புதுச் சட்டை போட்டுவிட, வியாழன் சாயங்காலம் பெட்டியைத் திறந்தார்களாம்.

"எக்கோ எடுக்கச்சில நெஞ்சில தேய்ப்பினுமே, ஒரு ஜெல்லு... அவருக்க நெஞ்சு முழுக்க அதுதான் மக்கா. ஈரங்கூடக் காயல்ல."