தனியக் கடைந்த கிண்ணம்

புலம்பெயர்ந்து வந்த ஊரான வோபர்னில், நான் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கராஜில், வீட்டுக்காரர் பொழுதுபோக்காக மரக்கிண்ணம் கடைகிறார். ஈர மரச்சீவலின் வாசம் எனக்குப் பிடிக்காது. அது அப்பாவின் வாசம்.

அப்பாவும் கந்தோரில் எழுத்து வேலை முடிந்து வந்து கிண்ணம் கடைவார். அவருடைய கடைசல் பட்டறைக்கு மோட்டார் இல்லை. கட்டை சுழல வேண்டுமென்றால் அம்மா எதிரே குந்தியிருந்து, அதில் சுற்றிய கயிற்றை இரு கையாலும் மாறி மாறி இழுக்க வேண்டும். உள்ளங்கை உரிந்தால் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு இழுப்பார்.

வீட்டுக்கு வருபவர்களிடம் அப்பா, "நான் தனியக் கடைஞ்சனான்" என்பார். ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. மறுநாள் அவர் கயிற்றைத் தொடவில்லை.

"தனியக் கடையுங்கோவன்."

அப்பா அடித்தார். அம்மா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அதன்பிறகு அந்தக் கட்டை சுழலவேயில்லை. பாதி கடைந்த கிண்ணம் அதிலேயே காய்ந்து வெடித்தது.

இன்று வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தை நீட்டினார். "எப்பிடியண்ணை? முழுக்கத் தனியச் செய்தனான்."

அவருக்குப் பின்னால் மனைவி குனிந்து தும்புத்தடியால் சீவலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அவவிட்டைத் தும்புத்தடியை வாங்கிக் கூட்டிப்போட்டு வந்து சொல்லும்" என்றேன்.

மாத முடிவில் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார். எழும்புகிறேன். எனக்கு இது பதினோராவது பேஸ்மென்ட்.