தோற்ற பெட்டியின் கட்சிக்காரி

நான் வாங்கிய கேம் கன்சோல் சந்தையில் தேறாது என்று அதை விற்ற கடைக்காரரே சொன்னார். பில் போட்ட பிறகுதான் சொன்னார் என்பது வேறு விஷயம்.

"புது கேம் அதிகமா வராது லா. ஆள் வாங்கல, அதனால கேம் வரல. கேம் வரல, அதனால ஆள் வாங்கல."

பெட்டியில் ஏதும் குறையா என்று கேட்டேன். "பெட்டி நல்ல பெட்டி," என்றார். நல்ல பெட்டிக்கு ஏன் இந்தக் கதி என்று கோபம் கோபமாக வந்தது.

காரணம் என் வீட்டிலேயே தெரிந்தது. சிங்கப்பூரில் தீபாவளியன்று நாங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூட்டமாக வீடு வீடாகப் போவோம். கடைசி வீட்டில்தான் சாப்பாடு, ஆட்டம், அரட்டை எல்லாம். பல வருடங்களாக அந்தக் கடைசி வீடு ஜாலான் புசாரில் இருக்கும் என் வீடுதான். பக்கத்துத் தேக்காவில் தீபாவளி விளக்கு அலங்காரம் பார்த்துவிட்டு நடந்தே வந்துவிடுவார்கள். நான் தனியாக இருப்பவள். அந்த ஒரு நாள் வீடு நிறைவது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று யாரிடமும் சொன்னதில்லை. பிறகு கிளமெண்டியில் இருக்கும் என் பெரியம்மா மகன், ஊரே வைத்திருக்கும் இன்னொரு கன்சோலை வாங்கினார். அதிலிருந்து என் வீட்டில் ஆளுக்கு ஒரு கிளாஸ் சர்பத் குடித்துவிட்டுக் கூட்டம் அங்கே கிளம்பிவிடும்.

யாரும் பெட்டியைப் பார்த்து வாங்குவதில்லை. கூட்டாளிகள் எதில் ஆடுகிறார்களோ அதை வாங்குகிறார்கள். அப்புறம் என் பெட்டி எப்படிப் பிழைக்கும்? திறமை இல்லாததால் தோற்றது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

போன தீபாவளியன்று என் வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தக் கிளமெண்டி அண்ணன் என்னிடம் வந்தார். "நீயும் எங்க கேம் செட்டையே வாங்கிடும்மா. அடுத்த வருஷம் உன் வீட்லயே வச்சுக்கலாம்."

பிச்சை போடுவது போல இருந்தது. "முடியாதுண்ணே. பெட்டிக்காகத்தான் வருவீங்கன்னா நீங்க யாரும் வரவே வேணாம்."

எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி மட்டும் சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்," என்றார்.

"அங்க சாப்பாடு யாரு போடுறது?" என்றார் அண்ணன்.

"பிரியாணி அடுப்பு மேலதான் இருக்கு. எடுத்துப் போட்டுக்கத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டு செட்ட நான் தூசி தொடச்சிருக்கேன், ஒரு தடவகூட ஆடுனதில்ல. எந்த பட்டன அமுக்கணும்?"

மற்றவர்கள் போய்விட்டார்கள். முதல் இரண்டு ஆட்டத்திலும் அண்ணியைத் தோற்கடித்தேன், கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவதில் அவர் ஜெயித்துப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். நடுவில் அண்ணன் இரண்டு முறை போன் செய்தார். அண்ணி எடுக்கவில்லை. அவருக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது.