கண்ணாடியில் இல்லாத கீறல்

என் மருமகன் கண்ணாடி வெட்டுபவர். கடையில் அவருக்குப் பெயர் 'அளவு'. டேப்பை எடுக்கும் முன்பே கண்ணால் அளந்து சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் நல்ல கண்ணாடிகளைக் கீறல் விழுந்தது என்று ஒதுக்க ஆரம்பித்தார். முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் இவருக்கு ஒரு பக்கத் தலை பிளக்கும். வாந்தி எடுத்து, வீட்டுக்கு வந்து சுருண்டுவிடுவார்.

இன்னொரு கண்ணாடியை வீணாக ஒதுக்கினால் வெட்டும் மேசை கிடையாது, வண்டியில் சரக்கு ஏற்றும் வேலைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"அந்தக் கீறல் எப்படி இருக்கும் மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ரம்பப் பல்லு மாதிரி, அத்தை. மினுமினுன்னு பெருசாகிட்டே போகும்."

"கண்ணாடியில விழுந்த கீறல் எங்கயாவது வளருமா? கண்ண மூடினாலும் தெரியுதா?"

"மூடிப் பாத்ததில்லையே!"

நோயாளிகளைப் பராமரித்துப் பழகியவள் நான். கையோடு நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனைகள் முடிந்ததும், இது ஒற்றைத் தலைவலி, வலிக்கு முன் கண்ணில் வரும் ஒளிக்கோடுதான் அந்தக் கீறல் என்றார். மாத்திரை இவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் மேல்கையில் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்தார். தோலுக்கு மேலிருந்தே மெல்லிய மின்துடிப்பு நரம்பைத் தூண்டும். வலியை மூளை தானே அடக்கிக்கொள்ள அது உதவும். ஊசி, கத்தி எதுவும் இல்லை. கோடு தெரிந்ததுமே கட்ட வேண்டும்.

இவர் வலி முற்றிய பிறகு வீட்டுக்கு வந்து கட்டினார். பலனில்லை.

"வீடு எரிஞ்சு முடிஞ்சப்புறம் தண்ணி ஊத்துறீங்களே!" என்றாள் என் மகள்.

"கடையில கட்டினா எல்லாரும் சிரிப்பாங்க."

"வாந்தி எடுக்கறப்ப மட்டும் கைதட்டுறாங்களா?"

அடுத்த வாரம் ஒரு கடைமுகப்புக்குப் பெரிய கண்ணாடி. வெட்டக் குனிந்தபோது கோடு தெரிந்தது. கண்ணை மூடினார், கோடு போகவில்லை.

"என்னப்பா அளவு, மறுபடி கீறலா?" என்றார் முதலாளி.

"கண்ணாடி சுத்தமா இருக்கு முதலாளி. கோளாறு எனக்குத்தான். கொஞ்சம் பொறுங்க."

எல்லார் முன்னாலும் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டையைக் கட்டினார். வலிக்காத அளவுக்கு, ஆனால் நன்றாகக் குறுகுறுக்கும்வரை துடிப்பைக் கூட்டினார். கோடு மறைந்தது. தலை கனத்ததோடு சரி, வாந்தி இல்லை. மதியத்துக்குப் பிறகு அந்தக் கண்ணாடியை ஒரே இழுப்பில் வெட்டினார்.

முதலாளி அளந்து பார்த்தார். "அடுத்தத எடு" என்றார்.

எல்லாத் தடவையும் இப்படி அடங்குவதில்லை. அடங்காத நாளில் வந்து படுத்துக்கொள்கிறார். ஆனால் நல்ல கண்ணாடியை ஒதுக்குவது நின்றுவிட்டது. மேசையும் அவரிடமே இருக்கிறது.