சிவப்புத் துணி கட்டிய புல்

ஆற்றங்கரையிலிருந்து நேரே வந்து இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன்.

இருபது நாளாக நான் வரைந்துவந்த புழுக்களை நண்பர்கள் அறிவீர்கள். புல்லிலையைச் சுருட்டி, வாய்நூலால் தைத்து, பகலெல்லாம் உள்ளேயே கிடக்கும். பிறகு நகத்தளவுப் பழுப்பு வண்ணத்துப்பூச்சியாகிப் புல்லுக்குப் புல் துள்ளும்.

ஏழு கூடுகள். இன்று திறக்கவேண்டியவை. சிறகு விரிவதையும் வரைந்தால்தான் பூச்சிப் புத்தகம் போடும் மதராஸ் துரை படங்களை அச்சிடுவார்.

யாரும் மாட்டுக்கு அறுத்துவிடக் கூடாதே என்று அந்தப் புல்புதரில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன்.

போனால் புல்லே இல்லை. சாணி மெழுகிய தரை, நடுவில் மஞ்சள் பூசிய கல், அதன் இடுப்பில் என் துணி. கருப்பட்டிக் கடை அண்ணாச்சி சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இங்கன நின்ன புல்லு எங்க?"

"செவப்புத் துணி கட்டி சாமி இருக்க எடத்துல புல்லு மண்டிக் கெடக்கலாமா வே? நாந்தான் வேரோட செதுக்கி ஆத்துல விட்டேன்."

துணி என்னுடையது என்று சொல்வதற்குள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார், பூசிக்கொண்டு நின்றேன்.

"என்ன சாமின்னுதான் தெரியல. படிச்ச ஆளு, நீரு ஒரு பேரு சொல்லும்."

அந்தப் பூச்சிக்கே தமிழில் பேர் கிடைக்காமல் படத்தாளின் தலைப்பில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

கல்லுக்கோ வெள்ளிக்கிழமைக்குள் பேர் வேண்டுமாம், பொங்கல் வைக்கிறார்கள். தோன்றுவதைக் கீழே பென்சிலால் எழுதுங்கள்.